கணக்கு சரிதான், இந்தக் கடனை நீட்டிக்கலாமா?

வாசகி கேள்வி: ஐயா, எனக்கு வயது 39. சி.ஏ. முடித்து 14 வருடம் ஆகிறது. 2018ல் ஒரு நிதி நிறுவனம் இண்ட் ஏ.எஸ். என்ற இந்தியக் கணக்கியல் தரநிலை முறைக்கு மாறியபோது அந்த வேலையை முன்னின்று செய்தேன். அந்த அனுபவத்துக்காகவே ஒரு தனியார் வங்கியின் சென்னைத் தலைமை அலுவலகத்தில் என்னை எடுத்துக்கொண்டார்கள். ஈ.சி.எல். (எதிர்பார்க்கப்படும் கடன் இழப்பு) கணக்கு என்றால் இங்கே எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். ஆனால் நிர்வாகக் கூட்டத்தில் பத்து நிமிடம் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். இந்த முறை பதவி உயர்வு கிரெடிட் துறையிலிருந்து வந்த ஒருவருக்குப் போய்விட்டது. காரணம் கேட்டால், “நீங்க நம்ம டெக்னிக்கல் ஆளும்மா, உங்களை விட்டா யாரு?” என்கிறார் மேலதிகாரி. என் டீமில் எட்டுப் பேர். எல்லா ஷீட்டையும் கடைசியில் நானே ஒருமுறை போட்டுப் பார்ப்பேன். காலாண்டு முடிவில் இரவு பதினொன்றுக்கு முன் வீடு போனதில்லை. எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. சேரலாமா? இடையில், கோவை மண்டல அலுவலகத்தில் கடன் கண்காணிப்புப் பிரிவுக்கு இரண்டு வருடம் போகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். அதே கிரேடு, அதே சம்பளம். ஓரங்கட்டுகிறார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மகள் பத்தாம் வகுப்பு.
— பெயர் வேண்டாம், சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் பாதி முழுக்கக் கோபம், நியாயமான கோபம். கோவை விஷயத்தைக் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ கடிதத்தின் உயிரே அதில்தான் இருப்பதாகப் படுகிறது. அதற்கு வருமுன் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். யாரிடமும் பெருமையாகச் சொல்லக்கூடிய கதை இல்லை.

2013ல் நான் ஒரு வங்கியின் கணக்குத் துறையில் உதவிப் பொது மேலாளர். ஓர் உருக்காலைக்குக் கொடுத்த பெரிய கடனை மறுசீரமைக்கும் கோரிக்கை வந்தது. தவணையை நீட்டி வட்டியைக் குறைத்தால் அந்தக் கடனின் இன்றைய மதிப்பு எவ்வளவு குறைகிறது, அந்தக் குறைவுக்கு லாபத்திலிருந்து எவ்வளவு ஒதுக்கீடு வைக்க வேண்டும் என்று கணக்கிடுவது என் பொறுப்பு. பதினான்கு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினேன். வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் தள்ளுபடி விகிதம், ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின் பத்தி எண் எல்லாம் கச்சிதமாக இருந்தன. எழுதும்போதே ஒன்று உறுத்தியது. ஆலை அடுத்த வருடமே 85 சதவீதத் திறனில் ஓடும் என்று அவர்கள் எண்களை வைத்திருந்தார்கள். முந்தைய மூன்று வருட ஐந்தொகையைப் புரட்டினால், அது பாதித் திறனைக்கூடத் தொட்டதில்லை. அது என் வேலை இல்லை என்று விட்டுவிட்டேன்.

கூட்டத்தில் எம்.டி. கடைசிப் பக்கம் வரை புரட்டினார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “கணக்கு சரிதான். உங்க சொந்தப் பணமா இருந்தா, இந்தக் கடனை நீட்டிப்பீங்களா?”

“அது கிரெடிட் டிபார்ட்மென்ட் சொல்ல வேண்டியது, சார்” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். நானும் கோப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கடன் நீட்டிக்கப்பட்டது. வங்கிகள் கொடுத்த கடன்களின் தரத்தைப் பார்க்க 2015ல் ரிசர்வ் வங்கி தொடங்கிய சொத்துத் தர ஆய்வில் அந்தக் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போனது. நாடு முழுக்க அப்படி எத்தனையோ கணக்குகள். 2018 மார்ச்சில் வங்கிகளின் மொத்த வாராக்கடன் விகிதம் 11 சதவீதத்தைத் தாண்டியது. எங்கள் வங்கியில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. என் குறிப்பில் ஓர் எண்கூடத் தவறில்லையே! அதனால்தான் இன்றும் மனசு ஆறவில்லை. ஆலையின் மூன்று வருடக் கணக்கையும் வரிவரியாகப் படித்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். கேட்ட கேள்விக்கு வாய் திறக்காமல் வந்துவிட்டேன்.

பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னையும் அனுப்பினார்கள், ஆனால் என் எல்லைக்கோட்டை அன்று நானே போட்டுக் காட்டினேன். நீங்கள் கடைசியாக எழுதிய நான்கைந்து குறிப்புகளை எடுத்து அவற்றின் கடைசி வரியை மட்டும் படித்துப் பாருங்கள். “இண்ட் ஏ.எஸ். 109ன்படி இவ்வாறு கணக்கிட வேண்டும்” என்பதோடு முடிந்திருந்தால், அதற்குக் கீழே ஒரு வரி பாக்கி இருக்கிறது: “ஆகவே இதைச் செய்யலாம் என்பது என் பரிந்துரை.” அந்த வரியை உங்கள் பெயரில் எழுதுங்கள். அது சில சமயம் தவறாகப் போகும். தவறாகப் போகக்கூடிய ஒன்றைச் சொல்லிவிட்டு அதற்குப் பொறுப்பேற்பவரைத்தான் கூட்டம் முடியும்வரை உட்கார வைப்பார்கள்.

உங்கள் கையில் இப்போது இருக்கும் விஷயம் சாதாரணமானதில்லை. உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நம் வங்கிகளில் ஒரு கடன் 90 நாளுக்கு மேல் நிலுவையில் கிடந்தால்தான் அது வாராக்கடன். பெரிய ஒதுக்கீடும் அப்போதுதான். அதுவரைக்கும் அது ‘ஸ்டாண்டர்டு’. பெரும்பாலான ஸ்டாண்டர்டு கடனுக்கு 0.40 சதவீதம் ஒதுக்கினால் போதும். ஈ.சி.எல். என்கிற எதிர்பார்க்கப்படும் கடன் இழப்பு முறையில், கடன் கெட்டுப்போகும் வரை காத்திருப்பதில்லை. கெடும் அறிகுறி தெரிந்ததுமே ஒதுக்க வேண்டும். தவணை 30 நாளுக்கு மேல் தவறினாலே, வேறு ஆதாரம் இல்லாதவரை, மூன்று நிலைகளில் இரண்டாவதான, கெடும் அறிகுறி தெரிகிற நிலைக்குக் கடன் போய்விடும். ரிசர்வ் வங்கி 2025 அக்டோபரில் வெளியிட்ட வரைவு, 2027 ஏப்ரல் 1 முதல் இந்த முறைக்கு மாறச் சொல்கிறது. மாற்றத்தின் சுமையை 2031 மார்ச் வரை பரப்பிக்கொள்ளலாம். அந்த வரைவில் இரண்டாம் நிலைக் கடன்களில் பெரும்பாலானவற்றுக்குக் குறைந்தபட்ச ஒதுக்கீடு 5 சதவீதம்.

இதை உங்கள் கூட்டத்தில் எப்படிச் சொல்வீர்கள்? மூன்று நிலைகள், நிகழ்தகவு, இழப்பு விகிதம் என்று ஆரம்பித்தால் பத்தாவது நிமிடத்தில் நன்றி சொல்லிவிடுவார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “சார், 31 நாளிலிருந்து 90 நாளுக்குள் நிலுவையில் நிற்கும் கடன் நம்மிடம் 100 கோடி இருந்தால், இன்றைக்கு அதற்கு 40 லட்சம் ஒதுக்குகிறோம். புது முறையில் குறைந்தது 5 கோடி. இப்போது நம் கிளை மேலாளர் 60 நாள் தாண்டிய பிறகுதான் வாடிக்கையாளரைத் தேடிப் போகிறார். இனி அவர் 25ஆம் நாளே போக வேண்டும். அதற்கு அவர் மேஜையில் தினமும் காலையில் என்ன பட்டியல் இருக்க வேண்டும் என்பதை நான் தயார் செய்து தருகிறேன்.”

இதில் ஒரு கணக்கியல் விதிகூடப் பெயர் சொல்லி வரவில்லை. ஆனால் விதியை எலும்புவரை புரிந்துகொண்டவரால்தான் இதைச் சொல்ல முடியும். ஏதோ ஒரு கிளையில், ஒரு மேலாளர் ஒரு போன் காலை ஐந்து வாரம் முன்கூட்டியே போடுவதில் உங்கள் படிப்பு போய் முடிகிறது. உங்கள் மேலதிகாரி ‘டெக்னிக்கல் ஆள்’ என்று சொல்வது மாறும் இடமும் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்று. ஈ.சி.எல். இழப்பைக் கணிக்கும் மாடலுக்குப் பழைய தரவுதான் தெரியும். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, திருப்பூரில் ஆர்டர்கள் நின்றதையோ, துணி வெட்டி முடித்துத் தைக்காமல் அடுக்கி வைத்ததையோ எந்த ஐந்து வருடத் தரவும் சொல்லியிருக்காது. அப்படிப்பட்ட நேரத்தில் மாடலின் எண்ணுக்கு மேல் நிர்வாகம் தன் கணிப்பை ஏற்றி வைக்கலாம், ‘ஓவர்லே’ என்கிறோம். எவ்வளவு ஏற்றுவது? சென்னையில் எக்ஸெலைப் பார்த்துக்கொண்டு சொல்லவே முடியாது. எந்த யூனிட் அமெரிக்க பையரை மட்டும் நம்பியிருக்கிறது, எதற்கு ஐரோப்பிய ஆர்டரும் உள்ளூர் ஆர்டரும் இருக்கின்றன, யார் சம்பளத்தை வாரக் கூலியாகத் தட்டாமல் கொடுக்கிறார்கள், வங்கிக்குக் கொடுக்கும் சரக்கிருப்புக் கணக்கான ஸ்டாக் ஸ்டேட்மென்ட் யாருடையது மூன்று மாதமாக ஒரே எண்ணில் வருகிறது — இதெல்லாம் அங்கே போய் நின்றால்தான் தெரியும். உங்கள் துறையிலேயே மிகவும் நுட்பமான எண், திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஒரு நிட்டிங் யூனிட்டுக்குள் நின்றுகொண்டு போட வேண்டிய எண்ணாக இருக்கிறது.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நகரத்தார் வட்டிக்கடை ஞாபகம் வரும். பர்மாவிலும் மலேயாவிலும் கிட்டங்கிகளில் கடை நடத்திய காலத்தில், பெட்டியடிப் பையனாகச் சேர்பவன் குறிப்பும் பேரேடும் எழுதிப் பழகுவான். பிறகு அடுத்தாள். அதற்குப் பிறகுதான் கடையை நடத்தும் மேலாள். அடுத்தாள் கடைக்குள்ளேயே உட்கார்ந்திருக்க முடியாது. வசூலுக்குப் போக வேண்டும், கடன்காரரின் கடையையும் வயலையும் கண்ணால் பார்க்க வேண்டும். பேரேட்டில் பார்த்த பெயருக்கு ஒரு முகம் கிடைப்பது அந்தப் படியில்தான். நீங்கள் பெட்டியடியிலிருந்து நேராக மேலாள் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு படி இருக்கிறது. வருத்தப்படாதீர்கள், அந்தப் படிக்குத்தான் கோவை என்று பெயர் வைத்து உங்களிடம் நீட்டியிருக்கிறார்கள்.

வெளியே போவது ஒரு பக்கம். உறுதியாக நிற்பது இன்னொரு பக்கம். இதில் கணக்குக்காரர்களுக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு, ஆனால் பாதி வழியில் நிறுத்திவிடுகிறோம். மார்ச் 30ஆம் தேதி மாலை ஒரு போன் வரும். உங்களுக்கும் வந்திருக்கும். “மேடம், பார்ட்டி இன்னைக்கு ஆறு லட்சம் கட்டிட்டார். அந்த என்.பி.ஏ. (வாராக்கடன்) கணக்கை ஸ்டாண்டர்டுக்கு மாத்திடுங்க, ஜோன் நம்பர் அடி வாங்குது.” முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். வட்டி, அசல் என்று நிலுவை முழுவதும் கட்டி முடித்தால்தான் மேலே தூக்க முடியும் என்று 2021 நவம்பர் 12ஆம் தேதிச் சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. நீங்கள் சுற்றறிக்கையைச் சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவீர்கள். நானும் வருடக்கணக்கில் அதைத்தான் செய்தேன்.

பின்னாளில் வேறு மாதிரி பேசக் கற்றுக்கொண்டேன். “முடியாது சார். மொத்த நிலுவை 18 லட்சம், வந்தது ஆறு. நாளைக்கு டே-எண்டுக்குள்ள மீதி 12 லட்சம் வந்தா சிஸ்டம் தானா மாத்தும், யாரும் தொட வேண்டாம். வராதுன்னு தெரிஞ்சா இன்னைக்கு ராத்திரியே சொல்லுங்க, எம்.டி.கிட்ட நானே பேசறேன். இந்த நம்பரை நீங்க தனியா சுமக்க வேண்டாம்.” அந்தக் கடைசி வாக்கியத்துக்கு எதிர்முனையில் ஒரு நிமிடம் மௌனம் இருந்தது. பிறகு அவர், “சரி சார், பார்ட்டிய பாக்கப் போறேன்” என்றார். விதியை ஒரு நூல்கூட வளைக்கவில்லை. ஆனால் அந்த மண்டலத் தலைவர் அதற்குப் பிறகு கெட்ட செய்தியை மறைக்காமல் முதலில் எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். வங்கியில் கெட்ட செய்தி சீக்கிரம் வந்து சேர்வது எவ்வளவு பெரிய சொத்து என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி உங்கள் எட்டுப் பேர். இது கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லா ஷீட்டையும் கடைசியில் நானே போட்டுப் பார்ப்பேன் என்று எழுதியதை உழைப்பின் அடையாளமாகச் சொல்கிறீர்கள். உங்கள் மேலதிகாரி அதைப் படிக்கும் விதம் வேறு: இவரை நகர்த்தினால் காலாண்டு முடிவு வராது. “உங்களை விட்டா யாரு?” என்று அவர் பாராட்டியதாக நினைக்கிறீர்கள், பதவி உயர்வு ஏன் தரவில்லை என்ற காரணத்தை அவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அடுத்த காலாண்டுக்கு டீமில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். முழுக் கணக்கும் அவருடையது. தணிக்கைக் குழுவில் அவரே பேசட்டும், நீங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். என்னிடம் இருந்த ஒரு பெண் அதிகாரி முதல் முறை அப்படி நின்றபோது, ஓர் இயக்குநர் கேட்ட எளிய கேள்விக்கு உறைந்துபோனார். எனக்கு விடை நாக்கு நுனியில் இருந்தது. மேஜைக்கு அடியில் கை விரல்களைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் தண்ணீர் குடித்தார், தாளைத் திருப்பினார், சொன்னார். சரியான விடை. நான் குறுக்கே விழுந்திருந்தால் அந்த விடையை அவர் கடைசிவரை என்னிடமே தேடியிருப்பார். அவர்கள் செய்யும் தவறு வெளியே தெரிந்தால் ‘என் டீமின் தவறு’ என்று நீங்கள் முன்னால் நில்லுங்கள். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அவர்களோடு பேசுங்கள்.

ஆல்கோ, அதாவது வங்கியின் சொத்து-பொறுப்பு நிர்வாகக் குழுவின் கூட்டத்தில் பார்வையாளராக உட்கார அனுமதி கேளுங்கள். 2025ல் மட்டும், ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 6.50 சதவீதத்திலிருந்து 5.25க்கு வந்தது. வீட்டுக் கடனும் சிறுதொழில் கடனும் 2019 அக்டோபரிலிருந்து ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருப்பதால், கடன் வட்டி சட்டென்று இறங்கியது. ஏற்கெனவே வாங்கிய வைப்புத்தொகையின் வட்டி முதிர்வு வரைக்கும் இறங்காது. அந்த இடைவெளியில் லாபம் எவ்வளவு கரையும் என்பதை நீங்கள் காலாண்டு முடிந்ததும் அச்சடித்துத் தருகிறீர்கள். ஆல்கோவில் அதைப் பற்றி மூன்று மாதம் முன்பே வாதம் செய்கிறார்கள். அந்த வாதத்தைக் கேட்டுப் பழகுங்கள்.

எம்.பி.ஏ. வேண்டாம் என்பது என் கருத்து. படிப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் உங்களிடம் குறைவாக இருப்பது பட்டம் இல்லை. சி.ஏ. படித்தவர் வங்கியின் உச்சிக்குப் போக முடியுமா என்ற சந்தேகமும் வேண்டாம். ஹெச்.டி.எஃப்.சி. வங்கியின் சசிதர் ஜகதீசன் 1996ல் நிதித்துறையில் மேலாளராகச் சேர்ந்தவர். 2008ல் தலைமை நிதி அதிகாரி ஆனார், 2020 அக்டோபரில் எம்.டி. நாற்காலிக்கு வந்தார். அவருக்கு முன்னால் 1994லிருந்து அந்த வங்கியைக் கட்டி எழுப்பிய ஆதித்ய புரியும் சி.ஏ.தான்.

ஆகவே கோவைக்குப் போங்கள் என்பதே என் பதில். ஓரங்கட்டுகிறார்களா, வளர்க்கிறார்களா என்று இங்கிருந்து எனக்குத் தெரியாது. அதை நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி இருக்கிறது. மேலதிகாரியிடம் மூன்று விஷயம் கேளுங்கள். மகளின் பொதுத்தேர்வு முடிந்து ஜூனில் சேர்கிறேன் என்பது ஒன்று. இரண்டு வருடம் என்பது உத்தரவில் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஈ.சி.எல். மாற்றத்துக்கான குழுவில் மண்டலத்தின் சார்பில் என் பெயர் தொடர வேண்டும் என்பது மூன்றாவது. வளர்க்க நினைப்பவர் இந்த மூன்றுக்கும் தயங்க மாட்டார். மூன்றாவதற்கு மட்டும் முகம் சுளித்தால், அப்போது எனக்கு மறுபடியும் எழுதுங்கள், வேறு வழி யோசிப்போம். முடியும் என்றால், புது முறையின் முதல் மார்ச்சை நீங்கள் களத்தில் இருந்தே பார்ப்பீர்கள். தலைமை அலுவலகத்தில் அப்போது யாரிடமும் அந்த அனுபவம் இருக்காது.

குடும்பத்தை உடனே பெயர்க்க வேண்டுமா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள், மகளையும் வைத்துக்கொண்டே பேசுங்கள். பதினொன்றாம் வகுப்பு எங்கே என்பது அவள் வாழ்க்கையும்கூட. கோவையிலும் நல்ல பள்ளிகள் உண்டு. சென்னையிலேயே இருப்பதாக முடிவானால் வெள்ளி இரவு சேரன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. என் மனைவி இதே மாதிரி ஒரு மாற்றலின்போது இரண்டு வருடம் தனியாக வீட்டைத் தாங்கினார். அதன் பாரம் எனக்குத் தெரியும், அதனால் சுலபம் என்று சொல்ல மாட்டேன்.

சேர்ந்த முதல் வாரம் மண்டல அலுவலகத்தில் கணினி வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். நிலுவையில் 25ஆம் நாளைத் தொட்ட பத்துக் கணக்கின் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு, காலை ஒன்பதரைக்கு ஏதாவது ஒரு கிளைக்குப் போய், “வாங்க சார், இவங்களைப் பாத்துட்டு வரலாம்” என்று கிளை மேலாளரைக் கூப்பிடுங்கள்.